எரிந்தவளைச் சுமந்து இறங்கினோம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது. மாடுகளோடு போகிற தொழில் அதனால்தான் ஒத்துவந்தது. ஒடுகத்தூரில் உப்பும் கருவாடும் பொதியேற்றிக்கொண்டு மலைமேல் உள்ள ஊர்களுக்குப் போவேன். புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு இறங்குவேன். மலைக்காரர்கள் என்னை உப்புக்காரர் என்பார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த வருஷம் ஒடுகத்தூரில் டூரிங் சினிமாக் கொட்டகை போட்டார்கள். சந்தைக்கு இறங்கிய மலைக்காரர்களில் பலர் முதன்முதலாகப் படம் பார்த்தது அங்கேதான். நானும் அப்படித்தான். படத்தில் ஒரு பெண் பாம்பு கடித்துச் சாகிறாள். அவளைப் பாடையில் தூக்கிப்போய், விறகடுக்கி, கொள்ளி வைக்கிறார்கள். புகை எழும்பியதும் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த ஊர்க்கவுண்டர், எனக்குப் பல வருஷப் பழக்கம், எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். படம் விட்டதும் குளத்தில் முழுகிவிட்டுத்தான் மலையேறினார்.

சில மாதம் கழித்து, அருவியருகே காட்சி எடுக்க ஒரு சினிமாக் கம்பெனி அவருடைய ஊருக்கே வந்தது. அவர்கள் சாமான்களை என் மாடுகளும் சுமந்தன. மட்டக்குதிரையில் வந்து இறங்கிய நடிகையைப் பார்த்ததும் பொதி அவிழ்ப்பதை விட்டு நிமிர்ந்தேன். எரிந்து போனாளே, அதே பெண். ஊர்ப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

கவுண்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உப்புக்காரரே, இவள எரிச்சாங்களே. நீங்களும் நானும் ஒண்ணாத்தானே பாத்தோம்?"

"அது படங்க. நடிப்பு."

"ஆளு நடிப்பாங்க. நெருப்பு நடிக்குமா?"

அது நடிப்பு என்று அறிவு சொன்னது. ஆனால் அந்த அம்மா நடந்துபோனபோது காலடியில் நிழல் விழுகிறதா என்று நானும்தான் பார்த்தேன்.

அருவிக் காட்சி பாதி முடிவதற்குள் அந்த அம்மாவுக்கு மலைக்காய்ச்சல் வந்துவிட்டது. கொயினா மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. மறுநாள் காலையில் பிதற்றல் தொடங்கியது. அப்படிப் பிதற்றியவர்கள் எத்தனை சீக்கிரம் போய்விடுவார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். உடனே மூங்கில் டோலியில் தூக்கி அடிவாரத்துக்கு இறக்கினால், அங்கே நிற்கும் காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தூக்கத்தான் ஆள் இல்லை. கம்பெனி ஆட்கள் பட்டணத்துக்காரர்கள். அந்தப் பாறை வழியில் சுமையோடு நாலு எட்டு வைக்க மாட்டார்கள். மலைக்காரர்களோ செத்தவளைத் தொட மாட்டோம் என்றார்கள். கம்பெனி மேனேஜர் கத்திப் பார்த்தார், பிறகு கெஞ்சினார்.

கடைசியில் கவுண்டர் சொன்னார்: "உப்பு திங்கட்டும். பேய்க்கு உப்பு ஆவாது. கக்காம முழுங்கினா தூக்குறோம்."

காத்து கருப்புக்கு வைக்கிற படையலில் அவர்கள் உப்புச் சேர்ப்பதில்லை. நான் மூட்டையைப் பிரித்து ஒரு தேக்கிலையில் கல்லுப்பு எடுத்துப் போனேன். நல்லவேளையாக அப்போது அந்த அம்மாவுக்கு நினைவு தெளிந்திருந்தது.

"எதுக்குண்ணே இது?"

தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார், குளிரில் பல் கிடுகிடுத்தது. "சாகுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உயிரோட இருக்கேன்னு காட்டச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

உப்பை அள்ளி வாயில் போட்டார். உடனே குமட்டியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தொண்டை மேலும் கீழும் போயிற்று. கண்ணில் நீர் வழிந்தது. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. நான் மாதாவை நினைத்து மனத்துக்குள் பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வாயைத் திறந்து வெறும் நாக்கைக் காட்டினார்.

"சரி. ஆனா வழியெல்லாம் பேசிக்கினே வரணும்" என்றார் கவுண்டர். "பேச்சு நின்னா எறக்கி வெச்சிட்டுப் போய்டுவோம்."

அவரும் இன்னும் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். நாலாவது தோள் என்னுடையது. மேனேஜர் பின்னால் தடுமாறி வந்தார்.

"எத்தினி வாட்டிம்மா செத்த?" என்று கவுண்டர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"கணக்கே இல்லங்க. தண்ணியில விழுந்து, வெஷம் குடிச்சு..." மூச்சு வாங்கியது. "நாடகத்துல பாடிக்கிட்டிருந்தேன். மொதப் படத்துல ராஜகுமாரி. அது ஓடல. அடுத்ததுல பாதியிலயே செத்தேன், ஜனங்க அழுதாங்க. அப்புறம் எந்த முதலாளி வந்தாலும், எத்தனாவது ரீல்ல சாகணும்ங்கறதுதான் பேச்சு."

"கண்ணாலம் ஆவலியா?"

"பொண்ணு பாக்க வந்தாங்க. உன் பொணத்துக்கு மாலை விழுந்ததப் பாத்துட்டோம், எங்க கையால போட மனசு வரலன்னுட்டாங்க."

முன்னால் போன ஆள் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான்.

"இந்தப் படத்துலயும் சாவுதானா?"

"இல்லீங்க. இதுல கடைசிவரைக்கும் உயிரோட வர்றேன். கேட்டு வாங்கின வேஷம். அருவி சீன் இன்னும் பாக்கி இருக்கு."

வெயில் ஏற ஏறப் பேச்சு குழறியது. "பேசும்மா, பேசு" என்று ஆளாளுக்குச் சொன்னோம். பேச முடியாதபோது ஏதோ ராகத்தை முனகினார். ஒவ்வொரு முறை முனகல் தேயும்போதும் முன்தோள்காரனின் நடை தயங்குவது மூங்கில் வழியாக என் தோளுக்குத் தெரிந்தது.

அடிவாரம் கண்ணுக்குத் தெரிந்த வளைவில் முனகல் நின்றது.

டோலி தரையில் இறங்கியது. மூன்று பேரும் விலகி உண்ணிச்செடிப் புதருக்கு அப்பால் போய் நின்றார்கள். மேனேஜர் எங்கோ பின்தங்கியிருந்தார். கட்டிய மனைவியைத் தவிர வேறு பெண்ணை நான் தொட்டதில்லை. ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. மண்டியிட்டு, அவர் மூக்கருகே விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் விரலே மரத்துவிட்டதோ என்னவோ. வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தேன். சூடாக ஒரு மூச்சு பட்டது.

"இருக்காங்க!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கவுண்டர் வந்து தன் விரலையும் வைத்துப் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் கூப்பிட்டு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். அடிவாரத்தில் நின்றது, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓட்டிய கரி வண்டி. டிரைவர் கரியை ஊதிக் கிளப்புவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது. வண்டி புழுதியில் மறைந்தது. அதற்குப் பிறகு சேதி எதுவும் மலைக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் புளி விற்கக் கவுண்டரும் நானும் திருப்பத்தூர் போனோம். சினிமாக் கொட்டகைச் சுவரில் அந்த அம்மாவின் படம், அருவி முன்னால் நின்று சிரிக்கிற மாதிரி. அது காய்ச்சலுக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா?

"உயிரோடதானே கீறாங்க?" என்று நோட்டீஸ் ஒட்டியவனைக் கவுண்டர் கேட்டார்.

"இன்னா கேக்குற நீ? படப்பொட்டி வர்து, ஓட்டுறோம். எங்களுக்கு இன்னா தெரியும்?"

கடைசிவரை உயிரோடு வருவேன் என்று அந்த அம்மா சொன்னது எங்கள் இருவர் காதிலும் இருந்தது. ஆள் பாதியில் போயிருந்தால் கம்பெனிக்காரர்கள் கதையை மாற்றிப் படத்திலும் சாகடித்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து, எந்த இடத்தில் மாற்றுகிறார்களோ என்று பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. டிக்கெட் வாங்காமலே மாடுகளிடம் திரும்பினோம்.