ரோஜா வாசனைத் தேயிலை

பத்தாவது தாண்டிப் பதினொன்றாவதும் முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டுக் காத்திருந்த கோடை அது. எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் வைகாசித் திருவிழாவுக்குக் கொடியேற்றியிருந்தார்கள். மதராஸிலிருந்து ஒரு தேயிலைக் கம்பெனியின் வேன் வந்து நிற்கிறது, ஜனங்களுக்கு இலவசமாக டீ போட்டுக் கொடுத்துப் பழக்க இரண்டு பெண்கள் வேண்டுமாம் என்று என் தோழி வந்து சொன்னாள். அவள் தறிக்காரர் வீட்டுப் பெண். ஆறாவதிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு.

கம்பெனிக்காரர் நாற்பது வயது மனிதர். எங்களைப் பேசவிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். தூள் இல்லை, இலை. கருகருவென்று சுருண்டு கிடந்தது. நடுவில் காய்ந்த ரோஜா இதழ் ஒன்றிரண்டு. ஏழைபாழைகளும் வாங்கட்டும் என்று மலிவாகப் போட்ட சரக்காம்.

"இத கொதிக்க விடக்கூடாதும்மா. கொதிக்கிற தண்ணிய மேல ஊத்தி மூடி வெக்கணும். விக்கிறவங்க முதல்ல ருசி தெரிஞ்சிக்கணும். குடிங்க."

பாலும் சர்க்கரையும் போடாமல் இரண்டு வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றினார். தாமிர நிறத்தில் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோகும்போதே ரோஜா வாசனை மூக்கில் ஏறியது. ஒரு வாய் குடித்ததும் நாக்கு வறண்டு இழுத்தது. தோழி முகத்தைச் சுளித்தாள்.

"ஊதுபத்திய ஊற வெச்ச மாதிரி இருக்குதுடி" என்று என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்து கோப்பை தளும்பியது. ஆனால் இரண்டாவது வாய் எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் டீ என்றால் கருப்பட்டி போட்டு சுண்டக் காய்ச்சிய தூள்தண்ணீர். அதில் எது டீ, எது வெல்லம் என்று தெரியாது. இது தனியாக நின்றது. கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தேன்.

திருவிழாவில் சந்நிதித் தெருவுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டார்கள். கம்பெனி கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பாய்லர் பக்கத்தில் நாங்கள் நின்றோம். ஜனங்களுக்குப் பாலும் சர்க்கரையும் சேர்த்தே கொடுத்தோம். தோழிக்கு ஊற்றத்தான் வந்தது, பேச வரவில்லை. எனக்கோ வாய் ஓயவில்லை. "பால்காரரு வரலன்னா கவலப்படாதீங்கம்மா, இது வெறும் தண்ணியிலயே மணக்கும்" என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே பாக்கெட் வாங்கினார்கள். "இந்தப் பொண்ணு ஒண்ணு போதும், நான் வேலூர் வரைக்கும் சரக்கு வித்துடுவேன்" என்றார் கம்பெனிக்காரர். என் வாழ்க்கையில் வெளியாள் ஒருவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

கருடசேவையன்று கூட்டம் நெரிந்தது. சுவாமி பார்த்துவிட்டு வந்த பெண்கள் சிலர் பந்தலுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் எங்கள் ஊர் அம்மாள் ஒருவர் இருந்தார். பாலாற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊர். என் அம்மா கூலி வேலை செய்த கழனி அவர்களுடையது. நான் கோப்பையை நீட்டினேன். பாதி குடித்துவிட்டு, "என்னா மணமா இருக்குது!" என்றார். அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"நீ காலனிப் பொண்ணு இல்ல? நம்ம கழனிக்கு வர்றவளோட மவ?"

"ஆமாம்மா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஊர்ப் பெண் இப்படி நிற்கிறாளே என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் கோப்பையை மேசைமேல் வைக்கவில்லை. குனிந்து மண்ணில் வைத்தார். தெருக்குழாய்க்குப் போய் வாய் கொப்பளித்தார். கூட வந்தவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

பேச்சு பந்தலைத் தாண்டிப் போனது. வரிசை கலைந்தது. கம்பெனிக்காரர் என்னைத் தனியே அழைத்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் அதெல்லாம் பாக்குறவன் இல்ல. ஆனா சரக்கு போவணுமே. நீ வெளிய நின்னு நோட்டீஸ் குடு."

"நோட்டீஸ மட்டும் வாங்குவாங்களா சார்?"

"காகிதத்துக்கு என்னம்மா" என்றார்.

தோழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாங்க ஆள் இல்லாத கோப்பைகளிலும் ஊற்றினாள். வேனுக்குப் பின்னால் போய் என் பழைய புடவையை மாற்றிக்கொண்டு, பச்சைப் புடவையை மடித்து அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன். ஆற்று மணல் கொதித்தது.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா கேட்டா, நீ ஏன் ஆமான்னு சொன்ன?"

"வேற யாருன்னு சொல்லணும்?"

"எதனா சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல. காலையில நான் அவங்க கழனிக்குத்தானே போவணும்."

அன்று அம்மாமேல் வந்த கோபம் அந்த அம்மாள்மேல் வந்ததைவிடப் பெரிது. அம்மா வழக்கம்போல வேலைக்குப் போனாள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திருவிழா முடிந்து தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதுவரை வந்ததில்லை. வழி கேட்டுக் கேட்டு வெயிலில் வந்திருந்தாள். கையில் அந்தத் தேயிலைப் பாக்கெட்.

"உனக்குப் புடிக்குமேன்னு கேட்டு வாங்கினு வந்தேன். நான் ஒண்ணும் பேசாம நின்னுட்டேன்டி. வாய் வரல" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் நெஞ்சும் கொஞ்சம் இளகியது.

அம்மா சந்தோஷமாக அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் இலையைப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். புளி போட்டுத் துலக்கிய டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

தோழி டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இப்பதான் ஊட்ல குடிச்சிட்டு வந்தேம்மா" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் நான் கடித்த மாங்காயை வாங்கிக் கடித்தவள் அவள். அவள் கை பாதிதூரம் வந்து நின்றதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். வேன் ஆற்காடு, வேலூர் என்று போகிறது, தானும் கூடப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவள் தெருமுனை தாண்டும்வரை அம்மா வாசலில் நின்றாள்.

"பாவம், இம்மாம் வெயில்ல வந்துச்சு. தண்ணிகூட குடிக்காம போவுது" என்றாள்.

அம்மா புரியாமல் சொன்னாளா, புரிந்தே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே வந்து, ஆறிப்போன அந்த டீயை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணி அவளே குடித்தாள்.