சிலந்திக்கு வைத்த விளக்கு

என் பழைய குறிப்பேடு ஒன்றில் ஒரு திங்கட்கிழமையின் வரி பாதியில் நிற்கிறது. "காலை 8.30. வெப்பம் 28. தண்ணீர்க் கிண்ணம் காலி. சிலந்தி" என்று எழுதியிருக்கிறேன். அதன்பின் பேனா இழுபட்ட ஒரு கோடு மட்டும். தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. முடிக்காமல் விட்ட வரி அது ஒன்றுதான்.

சிலந்தி என் மகளுடையது. எண்பதுகளின் நடுவில் அவள் பினாங்குத் தீவின் கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். டரண்டுலா வகை. நம் தீவின் மலைச்சரிவுகளில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. நகத்தளவு குஞ்சாகக் கொண்டுவந்து இரண்டு வருடம் வளர்த்திருந்தாள். இப்போது கால்களை விரித்தால் என் உள்ளங்கையை மூடிவிடும். அது தோல் உரிக்கும் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிவைத்தாள். அந்த அளவுகள்தான் அவளுடைய ஆய்வேடு. சிலந்தி செத்தால் ஆய்வேடு பாதியில் நின்றுவிடும்.

மூன்று வாரக் களப்பயிற்சிக்காக அவள் பக்கத்து மாநிலமான கெடாவுக்குப் புறப்பட்டபோது பொறுப்பு என்னிடம் வந்தது. "வெயில் படக் கூடாது, மண்ணு காயக் கூடாது, இருபத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாது. மத்தபடி நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்ப்பா" என்றாள். நான் மூன்றையும் எழுதிக்கொண்டேன். நான்காவதை எழுதவில்லை.

அவள் பஸ் ஏறிய மறுநாள் காலை என் மனைவி காப்பியை மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவ இருந்த வரைக்கும் பொறுத்துக்கிட்டேன். இனிமே முடியாது. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"மூணு வாரந்தானே?"

"அதுக்கு எட்டுக் காலு. எனக்கு ரெண்டு. தொறந்துக்கிட்டு வந்தா யாரு ஜெயிப்பான்னு நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

கண்ணாடித் தொட்டியைக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். மகளிடம் சொல்லவில்லை. எதற்கு அவளைக் கவலைப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். காந்த நாடாக்களை அடுக்கி வைத்திருக்கும் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. சுத்தம் செய்யும் அக்காவைத் தவிர யாரும் உள்ளே வர மாட்டார்கள். அங்கே ஏர்கோன் இரவும் பகலும் ஓடும். எப்போதும் பதினெட்டு டிகிரி. வெளியே சட்டை முதுகில் ஒட்டும் வெயிலில், நான் அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். பினாங்கில் குளிர்காலம் என்று ஒன்று இருந்தால் அது அந்த அறைதான்.

ஆகவே தொட்டிக்குச் சூடு தேவைப்பட்டது. அதற்கு வழி எனக்குத் தெரியும் என்று நம்பினேன். இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, சான்றிதழ்களும் கேமராவும் இருக்கும் அலமாரியின் அடித்தட்டில் ஒரு சின்ன பல்பை எரியவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். சூடு கீழிருந்து மேலே ஏறும், எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். பல வருடங்களாக ஒரு காகிதத்தில்கூடப் புள்ளி விழுந்ததில்லை. அதையே செய்தேன். தொட்டியை நான்கு செங்கல் மேல் வைத்து, அடியில் பிஸ்கட் டின்னுக்குள் பதினைந்து வாட் பல்பைப் பொருத்தினேன். சூலியா தெருவில் வாங்கிய வெப்பமானியை, நின்றபடியே படிக்க வசதியாக, மூடிக்குச் சற்றுக் கீழே உள்பக்கம் தொங்கவிட்டேன்.

அக்கா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா அண்ணே, கோழிக்குஞ்சு பொரிக்கிறீங்களா?"

"சிலந்திக்குக் குளிரும் அக்கா."

"எட்டுக்கால் பூச்சிக்கு ஹீட்டரா? நல்லா இருக்கு லா! நான் இந்த ரூமுல கூட்டும்போது பல்லு தந்தி அடிக்குது, எனக்கு ஒரு பல்பு வெக்க ஆளில்ல."

காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30. மூன்று வேளையும் குறித்தேன். 26, 26, 26. முதல் நான்கு நாட்களின் பக்கத்தை இப்போது பார்த்தாலும் அச்சடித்ததுபோல் இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் தினமும் வற்றியது. "நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது" என்று எழுதினேன். ஐந்தாம் நாள், எப்போதும் வளைக்குள் கிடக்கும் சிலந்தி வெளியே வந்து கண்ணாடியில் ஏறி, மூடியை ஒட்டித் தொங்கியது. மறுநாளும் அப்படியே. "குளிர் தாங்காமல் வளையை விட்டு வெளியேறுகிறது" என்று எழுதினேன். அன்று சனிக்கிழமை, அரைநாள் வேலை. 12.30க்குப் பதினைந்து வாட் பல்பைக் கழற்றி இருபத்தைந்து வாட் பல்பை மாட்டிவிட்டு, திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை அது மூலையில் கிடந்தது. எட்டுக் கால்களும் உடம்புக்கடியில் மடங்கி, மூடிய கைமுட்டிபோல. கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை.

பேனா எப்போது கையை விட்டுப் போனது என்று தெரியாது. மகள் தங்கியிருந்த களநிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, அவளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நின்றேன். கால் மணி நேரத்தில் அவளே அழைத்தாள். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வெப்பம், நேரம், வாட்.

"ஏன்ப்பா ஆபீஸ்ல?" என்றாள் முதலில். நான் பதில் சொல்வதற்குள், "சரி, விடுங்க. தெர்மோமீட்டர் எங்க இருக்கு?"

"மேல. கண்ணுக்கு நேரா."

"யாரு கண்ணுக்குப்பா?"

பதிலுக்கு நிற்காமல் அவளே தொடர்ந்தாள்.

"அதுக்குச் சூடு பட்டா மண்ணுக்குள்ள போகும். உள்ள போனாக் குளிர்ச்சியா இருக்கும்னுதான் அதுக்குத் தெரியும். நீங்க அடியில பல்பு வெச்சிருக்கீங்க. மண்ணுல கை வெச்சுப் பாருங்க."

தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் போய், சிலந்தி கிடந்த மூலைக்கு எதிர் மூலையில் விரல்களை மண்ணுக்குள் செருகினேன். உடனே இழுத்துக்கொண்டேன். வெப்பமானியை அங்கே குத்தினேன். பாதரசம் இருபத்தாறைக் கடந்து, முப்பதைக் கடந்து, நாற்பத்து மூன்றில் நின்றது. மண் பொட்டுக்கடலைபோல் உலர்ந்திருந்தது. நான் தினமும் மூன்று வேளை உட்கார்ந்து எழுதியது மூடிக்கருகே இருந்த காற்றின் வெப்பத்தை. அந்த உயிர் வெந்துகொண்டிருந்த இடத்தை ஒரு முறைகூட அளக்கவில்லை. மேலே ஏறி வந்து அது காட்டியபோதும், இன்னும் கொஞ்சம் தீ மூட்டினேன்.

அவள் சொன்னதைச் செய்தோம். பல்பை அணைத்தோம். அக்காவும் நானும் தொட்டியைத் தூக்கி, ஏர்கோன் இல்லாத பின்படிக்கட்டு நடைக்குக் கொண்டுபோனோம். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் கால்கள் இப்படி மடங்கும், வாய் ஈரத்தில் படும்படி கிடத்த வேண்டும் என்றிருந்தாள். தபால்தலை நனைக்கும் பஞ்சை அக்கா கழுவி, நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுவந்தார். கோப்பு அட்டையால் நான் சிலந்தியைத் தள்ளி அதன்மேல் ஏற்றினேன்.

"செத்துருச்சா அண்ணே?"

"தெரியலக்கா."

"பாப்பா ரெண்டு வருசமா வளத்ததுன்னீங்களே…" என்றார். அதற்குமேல் அவர் கேலி எதுவும் பேசவில்லை. வேலையை விட்டுவிட்டு என்னோடு படியில் உட்கார்ந்துகொண்டார்.

11.40க்கு இடப்பக்க மூன்றாம் கால் விரிந்தது. இரண்டு மணிக்கு நான்கு கால்கள். ஐந்து மணிக்கு அது எழுந்து நின்று, என்னை நோக்கி முன்கால்களைத் தூக்கி, கடிக்க வந்தது. அக்கா கைதட்டிச் சிரித்தார். நான் தலையைக் கைகளில் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலை அதை வீட்டுக்கே கொண்டுவந்தேன். மனைவி வாசலை மறித்து நின்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஓரடி பின்வாங்கித் தொட்டியைப் பார்த்தாள்.

"அப்ப இங்கயே இருந்திருந்தா பல்பே வேணாம்?"

"வேணாம். ஒண்ணுமே வேணாம். நம்ம ஊரு சூடே அதுக்குச் சரி."

"நான் வெரட்டினதாலதான்," என்றாள். இல்லை என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. குசினிக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் தொட்டிக்காக ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்தாள். மூடிமேல் வைக்க அம்மிக்குழவியையும் எடுத்து வந்தாள்.

மகள் திரும்பி வரும்வரை தினமும் காலையில் மனைவியிடமிருந்து ஒரே கேள்வி. அந்த அறைப்பக்கம் முகத்தைத் திருப்பாமல், காப்பி ஆற்றிக்கொண்டே கேட்பாள்.

"உங்க ஆளு மேலயா, கீழயா?"

நான் டார்ச் அடித்து வளைக்குள் பார்த்துவிட்டு வருவேன்.

"கீழ."

"சரி," என்று டம்ளரை என் கையில் தருவாள்.