காப்பிப்பொடி அப்பிய கால்

கொரட்டூர் ஏரி நிரம்பினால் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்று, வாசலில் அரையடி உயரத்துக்கு சிமெண்டுத் தடுப்பு கட்டி வைத்திருக்கிறோம். அது தண்ணீரைத் தடுத்ததோ இல்லையோ, எங்கள் கால்களைத் தவறாமல் தடுத்திருக்கிறது. போன மாதம் துணிக்கூடையோடு வந்த நான் அதில் இடித்துக்கொண்டேன். கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து ரத்தம் கொட்டியது.

“தண்ணி கொண்டாங்க, கழுவணும்” என்றேன். குழாய் நாலடி தள்ளித்தான் இருந்தது. என் கணவரோ சமையலறைக்கு ஓடிப்போய்க் காப்பிப்பொடி டப்பாவோடு வந்தார். வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, ஒரு பிடி அள்ளி அப்பினார். “ரத்தம் நின்னுடும், பேசாம இரு.” கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி முடித்தவர் அவர். அந்தச் சான்றிதழ் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது.

பொடி இறுகிவிட்டது, கழுவினாலும் போகவில்லை. மறுநாள் விரல் வீங்கியது. கிளினிக்கில் நர்ஸ் காலைப் பார்த்துவிட்டு, “இன்னாமா, கால்ல டிகாஷன் எறக்கிகினு வந்துகீறே? கொயாத் தண்ணில, பைப்பாண்ட காலைக் காட்டிக் கழுவி, சுத்தமான துணியால அமுக்கிப் புடிச்சிருந்தா போதுமே” என்றார். நகத்தடியில் இருந்த பொடியை அவர் சுரண்டி எடுத்தபோது, இடித்தபோதுகூட வராத கண்ணீர் வந்தது.

நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கணவர் தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்: “நல்லவேளை நான் பக்கத்துல இருந்தேன். உடனே பொடி வச்சேன், அதான் தப்பிச்சா.” பேசி முடித்துவிட்டு என்னிடம் காப்பி கேட்டார்.

“பொடியெல்லாம் என் கால்லயே போயிடுச்சு” என்றேன். அலமாரியில் டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது.