தண்ணீர் வந்த நாளில் காணாமல் போன மகள்

என் மகள் யாழினிக்கு ஆட்டிசம். அவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஆண்டுவிழா ஒத்திகையில் ஒலிபெருக்கி அலறியதும் ஓடிவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் விட்டிருந்த சமயம். அவள் பெயரைக் கத்திக்கொண்டே கரையெல்லாம் ஓடினேன்.

கடைசியில் சத்துணவுக் கூடத்தில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி அவள் வகுப்புத் தோழி கவிதா.

"கூப்பிட்டது கேக்கலையாடி?" என்று கவிதாவிடம் சீறினேன்.

"கேட்டுச்சு அத்தை. பதிலுக்குக் கத்துனா இவ மறுபடி ஓடிடுவா. அதான் பேசாம இருந்தேன்," என்றாள் மெல்ல.

நானும் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து யாழினி கையை எடுத்தாள்.

என் மகளைப் புரிந்துகொள்ள என்னைத் தவிர யாருமில்லை என்று அதுவரை நம்பியிருந்தேன்.