விளிம்புவரை ஊற்றிய கிண்ணம்

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. தெரிந்துதான் செய்தேன்.

படிப்புக்கு நடுவே, செவ்வாய்க்கிழமைகளில் தகனினி என்ற புறநகரில் ஒரு வீட்டுக்குத் துணையாளாகப் போய்க்கொண்டிருந்தேன். மகள் வேலைக்குப் போனபின் தனியாக இருக்கும் ஒரு கிர்கிஸ் அம்மாள்; எண்பதைத் தாண்டியவர். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, மதியச் சாப்பாட்டைச் சூடாக்குவது, தேநீர் போடுவது, அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் அவர் கிண்ணத்தில் நம் வழக்கப்படி விளிம்புவரை தேநீர் ஊற்றினேன். சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கள் ஊரில் பாதிதான் ஊற்றுவோம். பாதி என்றால், இரு, இன்னும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைத்துவிட்டால், குடித்துவிட்டுக் கிளம்பு." அவர் வீட்டிலேயே அவரைக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். அதன்பின் பாதிக்கு மேல் ஊற்றியதே இல்லை, ஒரே ஒரு முறை தவிர.

மூன்றாவது வாரம், பேரனின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தவர் ஒற்றைக் கையாலேயே முடிச்சுப் போட்டார். நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து, "ஆட்டுக் குடலில் பழகியது, என் அம்மாவின் அடுப்படியில்" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவருடைய மலை மாவட்டத்தில் அறுவை சிகிச்சைக் கத்தியைப் பிடித்த முதல் பெண் அவர் என்று.

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. செவ்வாய்தோறும் ஃபோனை மேசையில் வைத்துப் பதிவு செய்தேன். பனியில் குதிரையேறி நோயாளியைத் தேடிப் போனது. அறுவை மேசையில் படுத்திருந்த மேய்ப்பர் ஒருவர் "டாக்டர் எங்கே?" என்று கேட்க, "கை கழுவுகிறார்" என்று சொல்லிவிட்டு இவரே போய்க் கை கழுவியது. எதை விடுவது, எதை எடுப்பது?

மகளிர் தினத்துக்கு எங்கள் தமிழ்க் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானாகவே போய்க் கேட்டேன். ஏற்பாடு செய்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா.

"ஓம், வந்து கதையும். பத்து நிமிசம். ஆனா செத்த கதை ஒண்டும் வேண்டாம் என்ன, அதுக்குப் பிறகுதான் சாப்பாடு."

"குதிரையில போனாங்கக்கா. அதச் சொல்றேன்."

"குதிரை காணும், அதுவே போதும்."

கூட்டத்துக்கு முந்தைய செவ்வாய், டாக்டர் தானாகவே ஆரம்பித்தார். "இன்றைக்கு ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு வயது. என் அறுவை மேசையில் இறந்துபோனாள். தப்பு என்னுடையது. அவளை விட்டுவிட்டு என்னைப் பற்றிப் பேசாதே."

மணி நான்கு. மோட்டார்வேயில் நெரிசல் தொடங்கும் நேரம். என் பத்து நிமிடத்தை எழுதி முடித்து, கண்ணாடி முன்னால் இரண்டு தடவை பேசியும் பார்த்தாகிவிட்டது. அதில் ஒரு சிறுமிக்கு இடமில்லை. தேநீர்ப் பாத்திரத்தை எடுத்து அவர் கிண்ணத்தில் ஊற்றினேன். பாதி வந்தது. நிறுத்தவில்லை.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சூட்டோடு சூடாக முழுவதையும் குடித்துவிட்டு, "சரி, உனக்கு நேரமாகிவிட்டது" என்றார்.

கூட்டத்தில் மகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்காக ஆங்கிலத்திலும் கலந்து பொரிந்து தள்ளினேன். கை கழுவிய கதைக்கு அரங்கமே சிரித்தது. அந்தச் சூட்டில், எழுதி வைக்காத ஒரு வரி வாயில் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்: இவர் கைபட்ட ஓர் உயிரும் போனதில்லை. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் மட்டும் எழவில்லை.

"கலக்கிப்போட்டீர். வாரும், சாப்பிடுவம்" என்று அக்கா தோளில் தட்டினார். இடியாப்பத் தட்டோடு டாக்டரிடம் போனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நல்ல பெண்மணி. யார் அவள்?" என்றார்.

அடுத்த செவ்வாய், செருப்பைக் கழற்றியதுமே சொல்லிவிட்டேன். "டாக்டர், அன்னைக்குத் தெரிஞ்சேதான் நிறைச்சேன்."

"தெரியும். கையைப் பார்ப்பதுதானே என் தொழில்."

எனக்கு அவரே பாதிக் கிண்ணம் ஊற்றினார். ஃபோனை எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு பேச ஆரம்பித்தார், கிர்கிஸ் மொழியில்.

"டாக்டர், எனக்குப் புரியாதே."

"தெரியும்" என்றார். நிறுத்தவில்லை.

அவர் கிண்ணம் காலியாகும்போதெல்லாம் பாதி ஊற்றினேன். மணி நான்கு தாண்டியது, ஐந்து தாண்டியது. ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சிறுமியுடையதாகத்தான் இருக்க வேண்டும். அதை இங்கே எழுதும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.

பதிவு ஃபோனில் இருக்கிறது. மகளிடம் கேட்டால் ஒரு மாலையில் மொழிபெயர்த்துத் தந்துவிடுவார். கேட்பதற்கு முன், நான் நிறைத்த அந்தக் கிண்ணத்தைப் பற்றி மகளிடம் சொல்லியாக வேண்டும். செவ்வாய்தோறும் அவர் கார் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. நான் பையை எடுத்துக்கொண்டு, நெரிசலுக்கு முன்னால் போகணும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.