மதலேனா ஒட்டிய லேபல்

என் மனைவி மதலேனா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கடை வைத்து மிளகாய்த்தூள் விற்றாள். மிளகாயைக் காயவைத்து, வறுத்து, மில்லில் திரித்து, அவளே பக்கட்டில் அடைப்பாள். முதலில் நூறு கிராம், இருநூறு கிராம் என்றுதான் லேபல் ஒட்டினோம். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் பக்கட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். “இது எத்தன நாளைக்குங்க காணும்?” என்று கேட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள்.

மதலேனா லேபலை மாற்றினாள். ‘ஐந்து பேர், ஒரு கிழமை’ என்று ஏழு நாள் கணக்கைப் பெரிதாகவும் கிராமைக் கீழே சிறிதாகவும் போட்டாள். பிறகு கடையில் சிரிப்புக்குக் குறைவில்லை.

“எங்க வீட்டுக்காரரு ஒத்த ஆளா ரெண்டு பேரு சோறு திங்கிறாரு. அவர எப்படிக்கா எண்ணுறது?”

“அப்ப ஆறு பேரு பக்கட்ட எடு. அவருக்குத் தெரியாம வச்சுக்க!”

கொழுந்து பறிக்கும் அங்கம்மா எப்போதும் ஐந்து பேர் பக்கட்டைத்தான் வாங்குவாள். போன வருடம் அவளுடைய மகன் ரமேஸ் காய்ச்சலில் இறந்துபோனான். அதற்குப் பிறகும் அதையே கேட்டாள். திடீரென்று ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டாள். என்ன கோபமோ என்று மதலேனா அவளுடைய லயத்து வீட்டுக்குப் போனாள். அடுப்புக்கு மேல் பிரிக்காத பக்கட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“தூளு மிஞ்சிப்போகுது மதலேனா. ஆனா நாலு பேரு பக்கட்டு குடுன்னு கேக்க வாய் வரல.”

மதலேனா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னாள். மறுநாள், மீதமிருந்த லேபல்களையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டாள்.

“இனி ஆள எண்ண வேணாங்க. சட்டிய எண்ணுவோம்.”

‘மூன்று சட்டிக் கறிக்கு’, ‘ஒரு சட்டிக் கறிக்கு’ என்று புதிதாக எழுதினாள். அங்கம்மா மறுபடி வரத் தொடங்கினாள்.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் மதலேனா என்னை விட்டுப் போய்விட்டாள். நெஞ்சுவலி என்றாள், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மூடிய கடையை நேற்றுத்தான் திறந்தேன். முதலில் வந்தவள் அங்கம்மா.

“மூணு சட்டிக்குக் குடுங்கய்யா.”

கொடுத்தேன். அவள் உடனே போகவில்லை.

“சமைக்கிறீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

அலமாரியிலிருந்து சின்னப் பக்கட் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

“ஒரு சட்டி வைங்க. மிஞ்சினா சூடாக்கிச் சாப்புடலாம்.”

வீட்டில் எத்தனை பேர் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கட்டைப் பிரித்துத்தான் இன்று கறி வைத்தேன்.