பத்து நாள் ட்ரிப்புக்கு ரெண்டு கிலோ மசாலா

சிதம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். வழியெல்லாம் நின்றுகொண்டே போய், அங்கே போர்டில் எழுதிப் போடுவேன்: ட்ரிப் என்றால் போய்ச் சீக்கிரம் திரும்புவது. டூர் என்றால் நாலு ஊரைச் சுற்றிப் பார்ப்பது. ஜர்னி என்றால் நீண்ட வழி. வாயேஜுக்குக் கப்பல் வேணும். "மாத்திச் சொன்னீங்கன்னா மானம் போயிடும்" என்று மிரட்டல் வேறு. பெரிய யோக்கியசிகாமணி நான்!

அந்த யோக்கியசிகாமணிக்கு மஸ்கட்டில் டீச்சர் வேலை கிடைத்தது. ரெண்டு வருஷ ஒப்பந்தம். அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? அத்தா இல்லை. ரெண்டே வருஷம் என்று குவைத்துக்குப் போன அண்ணன் இன்னும் அங்கேதான். நானும் கிளம்பினால் வீட்டில் அம்மா ஒண்டி. அவுங்க அழுதால் நான் போக மாட்டேன், அது எனக்கே தெரியும். அதனால் இருக்கிறதிலேயே சின்ன வார்த்தையாகப் பொறுக்கி எடுத்தேன்.

"மஸ்கட்டுக்கு ஒரு ட்ரிப்மா. பத்தே நாள்."

"ட்ரிப்புதானே? காட்டுமன்னார்கோயில் பஸ்ஸே ஒரு நாளைக்கு நாலு ட்ரிப் அடிக்குது. போயிட்டு வா" என்றாங்க.

அப்பாடா! இதில் இன்னொரு வசதியும் உண்டு. எங்க முஸ்லிம் ஜனங்களில் வெளிநாட்டுக்குப் பிழைக்கக் கிளம்புகிறவங்க சொந்தக்காரங்க வீடு ஒவ்வொன்றுக்கும் போய்ப் 'பயணம் சொல்ல' வேணும். ஏதாவது தப்பு செய்திருந்தால் பொறுத்துக்கச் சொல்லி, நல்லபடியாப் போய்ச் சேர அல்லாகிட்ட துஆ செய்யச் சொல்லிக் கேட்டு வரணும். ஒரு வீட்டை விட்டால் போச்சு, ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க. பத்து நாள் ட்ரிப்புக்கு அந்தத் தொல்லையே கிடையாது. குஷியாகப் பெட்டி கட்டினேன். கறி மசாலா மட்டும் அம்மா கைப்பட அரைத்தது வேணும் என்று ரெண்டு கிலோ கேட்டேன். மறுபேச்சில்லாமல் மிளகாயைக் காயப்போட்டாங்க.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது சிதம்பரத்துப் பெரியம்மா போன் பண்ணினாங்க.

"ஏன்டி, உனக்காக உங்கம்மா வீடு வீடா வந்து பயணம் சொல்லிட்டுப் போறா. உனக்குக் கால்ல சுளுக்கா? சரி சரி, நீ போனதும் நான் அங்க வந்து இருந்துக்கறேன். கவலப்படாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாலுக்கு ஓடினேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில், முக்காட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு, யாரோ விருந்தாளி வரப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தாங்க.

"பத்து நாளைக்கு ரெண்டு கிலோ மசாலாவ எவடி திம்பா? எல்லா வீட்டுக்கும் நான் சொல்லிட்டேன். இந்த வீடு ஒண்ணுதான் பாக்கி. இதுக்கு நீதான் சொல்லணும்."

போர்டில் எழுதின வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவுங்க எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"பயணம் சொல்ல வந்திருக்கேம்மா. பொய் சொல்லிட்டேன். பொறுத்துக்கங்க."

"எத்தினி நாளு?"

"ரெண்டு வருஷம்."

அம்மா முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாங்க.

"அப்ப மசாலா பத்தாது" என்று சொல்லிவிட்டு, மறுபடி மிளகாயை எடுக்கப் போனாங்க.